இரத்தமும் ஓர் அமானிதமே

 

தமிழகத்தில் இரத்த தானம் என்றதும் முஸ்லிம் இளைஞர்களின் முகங்கள் பலருக்கு நினைவு வரும் அளவுக்கு நம் சமுதாயம் இத்துறையில் நற்பெயர் ஈட்டியிருக்கிறது. நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து ஓர் அழைப்பு வந்தால், கேட்பவர் எந்த மதத்தவர், எந்த ஊரினர் என்று விசாரிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படும் வாலிபர்கள் நம் மஹல்லாக்கள்தோறும் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஓர் உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பானது என்று அல்மாயிதா அத்தியாயம் கற்பிக்கும் பாடத்தைத் தம் கைநரம்பால் ஓதியவர்கள் அவர்கள்.

அவர்களைப் பாராட்டுவதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுப்பவருக்கும் தெரியாமல், எதிரில் நிற்பவருக்கும் தெரியாமல், நல்ல உடற்கட்டுள்ள ஒருவரின் இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும் நோய்க்கிருமிகள் உண்டு. அவை ஒருநாள் வெளிப்படும்போது, அந்த மனிதரிடமும் அவரைச் சுற்றியுள்ள நம்மிடமும் மார்க்கம் எதை எதிர்பார்க்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். மதரஸா ஆசிரியனாகிய எனக்கு மருத்துவத்தில் வாய் திறக்கும் தகுதி இல்லை. மருத்துவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

இந்தப் பொருளை நான் தேடிப் போகவில்லை. அது என்னைத் தேடி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸா வளாகத்தில் ஜமாஅத்தினர் ஓர் இரத்த தான முகாம் நடத்தினார்கள். என்னிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், முதன்முறையாக அன்று இரத்தம் கொடுத்தார். மாலையில் சிறுவர்களோடு பந்து விளையாடும் உடல்வாகு அவருக்கு. காய்ச்சல் என்று படுத்ததை யாரும் கண்டதில்லை. இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து இஷா தொழுகைக்குப் பின் எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார். இரத்த வங்கியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, நேரில் வரச் சொல்லி, தனியறையில் வைத்து ஆலோசகர் செய்தியைச் சொன்னாராம். ஹெபடைட்டிஸ் பி. மறுபரிசோதனையிலும் அதுவே உறுதியானது.

“எனக்குக் காமாலையே வந்ததில்லையே, ஹஜ்ரத்! வேற யார் பாட்டிலோடயோ மாத்திட்டாங்களோ?” என்றார். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “அவ அஞ்சு மாசம். அவகிட்ட எப்படிச் சொல்றது?” என்றார். வளைகுடா வேலைக்காக அவருடைய பாஸ்போர்ட் ஏற்கெனவே முகவரின் கையில் இருந்தது. அங்கே போவதற்கான மருத்துவப் பரிசோதனையில் இந்நோய் இருப்பது தெரிந்தால் தகுதியற்றவர் என்று எழுதிவிடுவார்கள் என்பது நம் ஊர்களில் தெரியாதவர் யார்? ஆக, மனைவி, பிறக்கப்போகும் குழந்தை, பிழைப்பு, ஊரில் மானம் என்னும் நான்கும் அந்த ஒரே தாளில் தொங்கிக்கொண்டிருந்தன. அவருடைய அனுமதியோடுதான், அடையாளங்களை நீக்கி இதை எழுதுகிறேன்.

நோய் என்றால் வலிக்க வேண்டும், காய வேண்டும், மெலிய வேண்டும் என்பது நம் மனக்கணக்கு. கண் மஞ்சளித்தால் காமாலை, அதற்குக் கீழாநெல்லி, பத்தியம் இருந்தால் சரியாகிவிடும் என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. ஆனால் கல்லீரலைத் தாக்கும் பி, சி எனும் இரு வைரஸ்கள் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. இவை உடலில் நுழைந்த பலருக்குக் கண் மஞ்சளிப்பதே இல்லை. உண்பார்கள், உழைப்பார்கள், தொழுவார்கள், நோன்பு நோற்பார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்து கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோக்கும்போதோ, புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லும்போதோதான் சிலருக்குச் செய்தி எட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் மட்டும் சுமார் 2.98 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி தொற்றோடும், சுமார் 55 லட்சம் பேர் சி தொற்றோடும் வாழ்ந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

பி வைரஸின் தடயம் முதலில் அறிவியலுக்குப் புலப்பட்டதும் நோயாளியைத் தேடிப் போனதால் அன்று. 1960களில் பாரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், பல நாட்டு மக்களின் இரத்தத்தில் உள்ள மரபு வேறுபாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் வித்தியாசமான ஒரு புரதத்தைக் கண்டார். அதற்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்று பெயரிட்டார்கள். அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பிறகே தெளிவாயிற்று. அக்கண்டுபிடிப்புக்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரத்த வங்கிகள் இன்றும் தேடுவது அந்த மேலுறைப் புரதத்தைத்தான். சி வைரஸோ 1989 வரை பெயர்கூட இல்லாமல், ‘ஏயும் அல்ல, பியும் அல்ல’ என்ற குறிப்போடு இரத்தப் புட்டிகள் வழியே பரவிக்கொண்டிருந்தது.

இன்று நம் நாட்டில் தானமாகப் பெறப்படும் ஒவ்வோர் அலகு இரத்தத்திலும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதனை செய்வது கட்டாயம். “சோதித்துத்தானே ஏற்றுகிறார்கள், பிறகென்ன பயம்?” என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. கிருமி உடலில் நுழைந்த மறுநாளே சோதனையில் தெரிந்துவிடாது. கிருமியின் புரதமோ, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளோ கண்டறியும் அளவுக்குப் பெருகச் சில வாரங்கள் ஆகும். சோதனையின் வகைக்கும் நோய்க்கும் ஏற்ப இது மாறுபடும். சி தொற்றில் எதிர்ப்பொருள் தென்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியில் சோதனை ‘இல்லை’ என்று சொல்லும். இரத்தத்திலோ கிருமி இருக்கும். பி தொற்றில் மற்றொரு மறைவும் உண்டு. சிலருக்கு மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்த பின்னும் வைரஸின் மரபணு கல்லீரல் செல்களுக்குள் தங்கிவிடுகிறது. வழக்கமான சோதனை அதைக் காண்பதில்லை. கிருமியின் மரபணுவையே தேடும் ‘நாட்’ எனும் நுண்சோதனை இந்த இடைவெளிகளைச் சுருக்குகிறது; ஆனால் எல்லா இரத்த வங்கிகளிலும் அந்த வசதி இல்லை. அது உள்ள இடத்திலும் இடைவெளி சுருங்குமேயன்றி முற்றாக மறைவதில்லை.

ஒருவர் கொடுக்கும் ஓர் அலகு இரத்தம், சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டு மூன்று நோயாளிகளுக்குப் போகலாம். தலசீமியா நோயுள்ள குழந்தைகள் சில வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், பிறர் இரத்தத்தை வாங்கியே உயிர் வாழ்கிறார்கள். தவறிப்போகும் ஒரு புட்டி யாரைச் சேரும் என்பதை எண்ணிப் பார்த்தால், சோதனைக் கருவிக்கு முன்னால் இன்னொரு காவல் தேவைப்படுவது புரியும். அந்தக் காவல் கொடுப்பவரின் நேர்மையே.

2018ஆம் ஆண்டின் இறுதியில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்த துயரத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். உறவினர் ஒருவருக்காக ஓர் இளைஞர் இரத்தம் கொடுத்தார். அந்த இரத்தம் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றப்பட்டது. அதன் பின் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தமக்கு எச்.ஐ.வி. இருப்பது அந்த இளைஞருக்குத் தெரியவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று கண்டறியப்பட்டிருந்தும் அச்செய்தி அவரை எட்டவில்லை என்பது அப்போது வெளிவந்தது. செய்தி தெரிந்ததும் அவர் ஓடி ஒளியவில்லை. தாமே முன்வந்து, தம் இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னார். அதற்குள் காலம் கடந்திருந்தது. குற்ற உணர்வின் சுமையைத் தாங்க இயலாமல் நஞ்சருந்திய அவர், மதுரையில் மருத்துவமனையில் இறந்தார். 2019 ஜனவரியில் அப்பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் சோதனைகள் காட்டியது ஒன்றே அந்த நிகழ்வில் கிடைத்த ஆறுதல்.

அந்த இளைஞரின் முடிவை யாரும் பின்பற்றலாகாது. உயிர் நமக்குச் சொந்தமானதன்று, அல்லாஹ்வின் அமானிதம். ஆயினும் அவர் இரத்த வங்கியை நோக்கி நடந்த அந்த நடையைப் பற்றி நான் என் மாணவர்களிடம் பலமுறை பேசியிருக்கிறேன். தம் மானம் போகும் என்று தெரிந்தும், முன்பின் அறியாத ஓர் உயிருக்காக உண்மையைச் சொன்னவர் அவர். அமானிதம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் பாட நூலில் எனக்குக் கிடைக்கவில்லை. அப்படிச் சொல்ல வந்தவருக்கு, “இனியும் நீ வாழலாம், மருந்து இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்” என்று தோளில் கைவைத்துச் சொல்லும் மனிதர்கள் சுற்றிலும் போதுமான அளவு இருந்தார்களா என்ற கேள்வி எஞ்சுகிறது. அது நம் எல்லோரையும் நோக்கிய கேள்வி.

இரத்தம் மார்க்கச் சட்டத்தில் அசுத்தமானது. உயிர் காக்கும் நிர்ப்பந்தம் கருதியே அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஏற்றுவதை இக்கால அறிஞர்கள் அனுமதித்தார்கள். இரத்தத்தின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அது இரத்தத்தை விற்பதையே குறிக்கும் என்றும், குருதி வாங்கும் ஹிஜாமா தொழிலின் கூலியைக் குறிக்கும் என்றும் விளக்கவுரையாளர்கள் இருவகையாகப் பொருள் கொண்டனர். முதற்பொருளின் ஞானத்தை நம் நாடு பட்டறிந்து உணர்ந்தது. ஒரு காலத்தில் பணத்துக்காக இரத்தம் விற்பவர்களை நம்பியே பல இரத்த வங்கிகள் நடந்தன. விற்க வந்தவர் நோயைச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே சொல்ல மாட்டார். 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் தொழில்முறை இரத்த விற்பனை தடை செய்யப்பட்டது.

பணம் மட்டுமே மனிதனைப் பொய் சொல்ல வைப்பதில்லை. வெட்கமும் வைக்கும். முகாமில் இரத்தம் எடுக்கும் முன் ஒரு படிவம் தருகிறார்கள். அண்மையில் பச்சை குத்திக்கொண்டீர்களா, அறுவைச் சிகிச்சை நடந்ததா, காமாலை வந்ததா, போதை ஊசி பழக்கம் உண்டா, தகாத உறவு உண்டா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். நண்பர்கள் சூழ, ஒரே மேசையில் குனிந்து, பக்கத்திலிருப்பவர் எட்டிப் பார்க்க, ஓர் இளைஞர் அதில் உண்மையை எழுதுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடிழுத்துவிட்டுப் போவதே எளிது. உறவினரின் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனை வாசலில் நிற்கும்போது இந்த நெருக்கடி இன்னும் கூடும். “நீ மட்டும் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறாய்?” என்று மாமா கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆதலால் நம் முகாம்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். படிவம் நிரப்பத் தனி இடம் ஒதுக்குங்கள். ஆலோசகரோ மருத்துவரோ ஒவ்வொருவரிடமும் தனித்துப் பேசட்டும். விலகிப் போகிறவரை ஏன் என்று எவரும் கேட்க வேண்டாம். அதிக எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற போட்டி வேண்டாம். கொடுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: உங்களுக்கு உள்ளூர ஐயம் இருக்குமானால், முகாமின் இலவசச் சோதனையில் தெரிந்துகொள்ளலாம் என்று எண்ணி இரத்தம் கொடுக்காதீர்கள். அந்த ஐயமே உங்களைத் தடுக்க வேண்டும். எச்.ஐ.வி. சோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, இரகசியம் காக்கப்படும். 1097 என்ற எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கும். இரத்தம் கொடுத்து வீட்டுக்கு வந்தபின் நினைவு வந்தால்கூட உடனே இரத்த வங்கியை அழைத்து, தம் பெயரில் உள்ள புட்டியை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். கொடுப்பது ஒரு தர்மம் என்றால், கொடுக்காமல் விலகி நிற்பதும் சில வேளைகளில் தர்மமே. நோயுள்ள ஒட்டகத்தை நோயற்ற ஒட்டகங்களிடையே கொண்டு செல்ல வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது கால்நடைக்காரர்களுக்கு மட்டும் உரிய பாடமா?

என்னைத் தேடி வந்த அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். மனைவியிடம் சொல்ல வேண்டுமா? பிறர் குறையை மறைப்பது மார்க்கத்தில் நற்செயல். தன் குறையைத் தெருவில் பரப்ப வேண்டிய கட்டாயமும் எவருக்கும் இல்லை. ஆனால் மறைப்பதால் இன்னொருவருக்குத் தீங்கு நேருமிடத்தில் மறைப்பதற்கு அனுமதி இல்லை. எவருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பது ஃபிக்ஹின் பெருவிதிகளில் ஒன்று. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகவரிடமும் விளக்க வேண்டியதில்லை. மனைவிக்குச் சொல்லியே ஆக வேண்டும். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. தனியே சொல்ல அஞ்சினால் இருவரும் மருத்துவரிடம் போய், அவர் வாயால் கேட்கட்டும் என்றேன். அப்படியே செய்தார்கள்.

மனைவிக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. கர்ப்ப காலத்திலும் போடத்தக்க தடுப்பூசிதான் அது, அவருக்குத் தொடங்கினார்கள். என் மாணவருக்கும் தொற்று இல்லை. அவருக்கும் தடுப்பூசி போடப்பட்டது. பின்னர் அச்சகோதரரின் உம்மாவையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அறுபதைக் கடந்த அந்தத் தாய்க்கும் தொற்று இருந்தது. மகன் பிறந்தபோதே தாயிடமிருந்து அவருக்கு வந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். பிறப்பின்போது இக்கிருமி தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. பெரியவரான பின் தொற்றுவோரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே நிலைக்கிறது. அந்தத் தாய் தம் மகனைப் பெற்ற காலத்தில் நம் ஊர்களில் பிறந்த குழந்தைக்கு அந்த ஊசி போடும் வழக்கமே இல்லை. மருத்துவர் எவ்வளவு சொல்லியும் “எம்புள்ளைக்கு நானே குடுத்துட்டேனே” என்று அவர் அழுததைத் தேற்ற மகனால் இயலவில்லை. என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அறியாததுக்கு அல்லாஹ் கேக்க மாட்டான், லாத்தா. பாலும் குடுத்தீங்க, உசுரும் குடுத்தீங்க, அதையும் சேத்து எண்ணுங்க” என்று சொன்னபோதுதான் சற்றே அமைதியானார்.

இந்த வீட்டுக் கதையில் ஒரு ஃபிக்ஹ் பாடமும் இருக்கிறது. இத்தகைய நோய் என்றதும் நம் நாவு முதலில் போகும் இடம் ஒழுக்கக்கேடு. ஊகங்களில் சில பாவமாகும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிப்பதை ஓதிக்கொண்டே, தேநீர்க் கடையில் ஒருவரின் நோய்க்கு நாமே காரணம் கற்பித்துவிடுகிறோம். தாயின் கருவறையிலிருந்து, சிறுவயதில் போட்ட ஊசியிலிருந்து, முடிதிருத்தகத்துக் கத்தியிலிருந்து, பல் பிடுங்கிய கருவியிலிருந்து என எத்தனையோ வாயில்கள் வழியே இக்கிருமி வரும். வாயில் எது என்று விசாரிக்கும் அதிகாரத்தை மருத்துவரைத் தவிர வேறு எவருக்கும் யாரும் தரவில்லை. ஒழுக்கம் தவறி வந்ததாகவே இருந்தாலும், தவ்பாவின் கதவை மூடும் சாவி நம் கையில் இல்லை.

செய்தி எப்படியோ கசிந்தது. ஒரு வலீமா விருந்தில் அந்தச் சகோதரர் அமர்ந்த சஹனிலிருந்து ஒருவர் மெல்ல எழுந்து வேறு சஹனுக்குப் போனதைப் பலரும் பார்த்தோம். நானும் இன்னும் இருவரும் போய் அவரோடு அமர்ந்து உண்டோம். அடுத்த வாரம் பெயர் எதையும் சொல்லாமல் இது குறித்துப் பொதுவாகப் பேசினேன். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை ஒரே தட்டில் உண்பதால் பரவாது. கைகொடுப்பதால், முஆனகா செய்வதால், ஒரே ஹவுளில் ஒளூ செய்வதால், ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுவதால் பரவாது. இரத்தமும் உடல் திரவங்களும் கலக்கும் வழியில்தான் பரவும். தகீஃப் கூட்டத்தாரோடு தொழுநோயாளி ஒருவர் பைஅத் செய்ய வந்தபோது, அவரை நெரிசலில் நிறுத்தாமல், உமது பைஅத்தை ஏற்றுக்கொண்டோம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அங்கே முன்னெச்சரிக்கையும் இருந்தது. அவருடைய கண்ணியமும் குறையவில்லை. எந்த நோய் எந்த வழியில் பரவுமோ, அந்த வழியை மட்டும் அடைப்பதே அறிவு. அடைக்க வேண்டிய வழியைத் திறந்துவிட்டு, திறந்திருக்க வேண்டிய சஹனை மூடுவது அறியாமை.

அடைக்க வேண்டிய வழிகள் நம் வாழ்வில் உண்டு. அவற்றில் சில நம் நற்கருமங்களோடு ஒட்டியே இருக்கின்றன. அகீகாவில் குழந்தையின் தலைமுடி களைகிறோம், சிறுவர்களுக்கு கத்னா செய்கிறோம், உம்ராவிலும் ஹஜ்ஜிலும் தலை மழிக்கிறோம், சுன்னத் என்று விரும்பி ஹிஜாமா செய்துகொள்கிறோம், மய்யித்தைக் குளிப்பாட்டுகிறோம். பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியிலும், ஏழு நாட்களாவது உயிரோடு இருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் கத்தி சுத்தமானதன்று. ஆகவே ஒவ்வொரு தலைக்கும் புதிய பிளேடு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மினாவில் ஹாஜிகள் களைத்திருக்கும் வேளையில் சாலையோரத்தில் ஒரே பிளேடால் வரிசையாக மழிப்பவரிடம் தலையைக் கொடுக்காமல், அனுமதி பெற்ற முடிதிருத்தகத்துக்குப் போங்கள். கத்னாவை மருத்துவமனையில் செய்யுங்கள். ஹிஜாமா செய்பவர் கத்தியையும் குவளையையும் உங்கள் கண்முன் புதிதாகப் பிரிக்கட்டும். மய்யித்தைக் குளிப்பாட்டுவோர், அவர் யாராயினும், என்ன நோயில் இறந்தவராயினும், கையுறை அணியட்டும். எல்லோருக்கும் அணிந்தால் எவரையும் இழிவுபடுத்தியதாகாது. வீட்டில் சவரக் கத்தி, பல் துலக்கி, நகவெட்டி ஆகியவற்றை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் மேலான வழி தடுப்பூசி. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி ஊசியின் முதல் தவணை போடப்பட வேண்டும். பாங்கும் இகாமத்தும் காதில் ஓதியாயிற்றா என்று கேட்கும் வீட்டுப் பெரியவர்கள், இந்த ஊசி போட்டாயிற்றா என்றும் கேட்கட்டும். கர்ப்பிணிகள் அனைவரும் முதல் மாதங்களிலேயே இதற்கான சோதனை செய்துகொள்ளட்டும். தாய்க்குத் தொற்று இருந்தாலும், பிறந்தவுடன் போடும் ஊசிகளால் குழந்தையைப் பெருமளவு காக்க முடியும். நிக்காஹ்வுக்கு முன் இரு வீட்டாரும் சீர்வரிசை பேசும் நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இருதரப்பிலும் ஒரு சோதனை செய்துகொள்ளச் சொல்வதில் எந்த மானக்கேடும் இல்லை. தொற்று இருப்பது தெரிந்தால் சம்பந்தத்தை முறித்தாக வேண்டும் என்பதும் இல்லை. மற்றவர் தடுப்பூசி போட்டுக்கொண்டு மணமுடிக்கலாம்.

தொற்று உள்ளவர்களுக்கும் இன்று வழி அடைபட்டு விடவில்லை. ஹெபடைட்டிஸ் சி தொற்றை, பெரும்பாலும் 12 வார மாத்திரைகளிலேயே, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. பி தொற்றை முற்றாக அகற்றுவது அரிது. ஆனால் தேவைப்படுவோருக்கு மாத்திரைகள் அதைக் கட்டுக்குள் வைக்கின்றன. மருந்து இப்போதைக்குத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னாலும், குறித்த காலத்தில் கல்லீரலைச் சோதித்துக்கொள்வதை விடக் கூடாது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். எச்.ஐ.வி. உள்ளவர்களும் கூட்டு மருந்தை விடாமல் உட்கொண்டால் நீண்ட வாழ்வு வாழ்கிறார்கள். அவர்களைப் பாகுபடுத்துவதைத் தடுக்க 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

அந்தச் சகோதரர் வளைகுடாவுக்குப் போகவில்லை. அந்தக் கனவு முறிந்தது முறிந்ததுதான். அதை இனிப்பு பூசிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஊரிலேயே சிறு கடை வைத்திருக்கிறார்; கடனும் இருக்கிறது. பிறந்த மகளுக்கு முதல் நாளே ஊசி போடப்பட்டது. இரத்தம் கொடுக்க இனி அவருக்கு அனுமதி இல்லை. ஆயினும் எங்கள் முகாம்களில் படிவ மேசையருகே அவர் நிற்கிறார். புதிதாக வரும் இளைஞர்களிடம் கேள்விகளை வாசித்துக் காட்டி, உண்மையை எழுதச் சொல்கிறார். அவர் கொடுத்த அந்த ஒரே புட்டி எவருக்கும் ஏற்றப்படாமல் அழிக்கப்பட்டது. ஆனால் அதனால் ஒரு கர்ப்பிணியும், சிறுவர் ஒருவரும், பிறக்காத ஒரு சிசுவும் காக்கப்பட்டார்கள். நோயறியாத தாய் ஒருவர் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். தானம் எந்த வழியில் பலன் தரும் என்பதைத் தீர்மானிப்பவன் அல்லாஹ்.

ஆகவே, அன்புச் சகோதரர்களே, இரத்தம் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். 18 வயது நிறைந்து, எடையும் இரத்தத்தின் அளவும் போதுமாக இருந்தால், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். புதிய ஊசியால் எடுப்பதால் கொடுப்பவருக்கு எந்த நோயும் தொற்றாது. கொடுக்கும் முன் உண்மையைச் சொல்லுங்கள். கொடுத்தபின் இரத்த வங்கி அழைத்தால் தள்ளிப்போடாமல் செல்லுங்கள்; தொலைபேசி எண் மாறியிருந்தால் தெரிவியுங்கள். பக்கத்து வீட்டாருக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது உங்கள் காதுக்கு எட்டினால், அதை அங்கேயே புதைத்துவிட்டு, அவர்களோடு ஒரே சஹனில் அமருங்கள்.

நாம் அறிந்த நோய்களிலிருந்தும் அறியாத நோய்களிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியையும் காப்பானாக! நோயுற்றோருக்கு முழு ஷிஃபாவை வழங்குவானாக! அமானிதத்தைப் பேணுகிறவர்களோடு நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.